பள்ளித் தோழர்கள் சந்திப்பு: பல வருடப் பழக்கத்தில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை

பள்ளியில் கூடப் படித்தவர்களைத் தேடிப் பிடித்து, அந்தத் தொடர்பை இருபது வருடங்களுக்கு மேலாக விடாமல் வைத்திருக்கும் ஒரு கூட்டத்தில் நானும் ஒருவன். முதலில் மின்னஞ்சல் குழு, பிறகு வாட்ஸ்அப் குழு, மண்டபம் பிடித்துப் பெரிய சந்திப்பு, குடும்பத்தோடு பயணம், யாராவது ஒருவர் வீட்டில் நாலு பேர் கூடுவது என்று எல்லாமே செய்து பார்த்துவிட்டோம். இப்போது புதிதாக ஆரம்பிக்கும் பேட்ச்காரர்கள் வந்து யோசனை கேட்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கேட்பது மண்டபம், பேனர், டி-ஷர்ட் பற்றித்தான். அதெல்லாம் எப்படியும் நடந்துவிடும். நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: பெரிய சந்திப்பு கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அது முடிந்து அடுத்த இரண்டு மாதத்தில் யார் யாருக்குப் போன் செய்கிறார்கள், யார் யாரைப் போய்ப் பார்க்கிறார்கள் என்பதில்தான் நட்பு பிழைப்பதும் போவதும் இருக்கிறது.

பள்ளி நட்பு ஏன் இவ்வளவு சுலபமாக மறுபடி பற்றிக்கொள்கிறது என்று எனக்கு நீண்ட நாள் ஆச்சரியம். அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு விளக்கம் தந்தது. பெரியவர்களான பிறகு அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்டது. வேலை, குடும்பம் என்று ஆன பிறகு ஒரு புது மனிதருக்கு 200 மணி நேரம் எங்கிருந்து கொடுப்பது? ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கோ அதை ஒரே கல்வியாண்டில் தாராளமாகக் கொடுத்து முடித்திருக்கிறோம். இப்போது மிச்சம் இருப்பது பராமரிப்பு வேலை மட்டும்.

முதல் சந்திப்பில் எல்லோருக்கும் நடக்கும் ஒரு தர்மசங்கடம் உண்டு. எதிரில் நிற்பவன் முகம் நன்றாகத் தெரிகிறது, எந்த வரிசையில் உட்காருவான் என்பதுகூட ஞாபகம் வருகிறது, பெயர் மட்டும் வர மாட்டேன் என்கிறது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் குழுவினரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி முடித்த 392 பேரிடம் பழைய வகுப்புத் தோழர்களின் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். சுமார் 35 வருடங்கள் வரை முகத்தை அடையாளம் காணும் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது. துணைக் குறிப்பு எதுவும் இல்லாமல் பெயரைத் தானாக நினைவுக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டமாக இருந்தது. அதனால் வாசலிலேயே பெயர் அட்டை கொடுத்துவிடுங்கள். பள்ளியில் கூப்பிட்ட அதே பெயர், இனிஷியலோடு, பெரிய எழுத்தில். பதவி வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். பட்டப்பெயரைப் போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நிறத்தையும் உடம்பையும் வைத்து அன்று வைத்த பெயர்கள் சிலருக்கு இன்னும் வலிக்கின்றன. அவர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், அடுத்த முறை வர மாட்டார்கள்.

ஒவ்வொருவராக மைக் பிடித்து ‘நான் இப்போது இன்ன வேலையில் இருக்கிறேன்’ என்று சொல்லும் அறிமுகத்தையும் நாங்கள் நிறுத்திவிட்டோம். வேலை போனவர்கள், தொழிலில் நொடிந்தவர்கள், திருமணம் முறிந்தவர்கள் அந்த மைக் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதிலாக வருகைப் பதிவு எடுக்கிறோம். எங்களில் ஒருவனுக்குப் பத்தாம் வகுப்பு அட்டென்டன்ஸ் வரிசை இன்னும் மனப்பாடம். எண்ணையும் பெயரையும் அவன் சொல்லச் சொல்ல, தலை நரைத்தவர்கள் எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்கிறார்கள். ஒருத்தர் எழுந்திருக்கும்போதே சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார், கை தானாகப் போயிற்று. இறந்துபோன ஒருவன் பெயர் வந்தபோது, வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். “கணக்கை எனக்கு முன்னாடியே முடிச்சுட்டு, நோட்டை லேசா என் பக்கம் திருப்பி வெப்பான். ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல” என்றான். அப்புறம் அடுத்த எண். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இது, இரண்டு மணி நேர மேடைப் பேச்சைவிட எங்களை நெருக்கமாக்கியது.

வராதவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான பேட்ச்கள் கோட்டை விடுகின்றன. குழுவில் அழைப்பிதழைப் போட்டுவிட்டு, ‘வர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்’ என்று எழுதினால், ஏற்கெனவே தைரியமாக இருப்பவர்கள்தான் கை தூக்குவார்கள். தயங்குகிறவர்களுக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டும். ஒரு நண்பனுக்கு நான் செய்தபோது அவன் சொன்னது: “நீங்கல்லாம் எங்கேயோ போயிட்டீங்க. நான் வந்து என்னடா பேசப் போறேன்?” நான் சொன்னேன், “ஒண்ணும் பேச வேணாம். வந்து என் பக்கத்துல உக்காரு, போதும்.” சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்று தாமதமாக வந்து வெளியே வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவனோடு தினமும் சைக்கிளில் பள்ளிக்கு வந்தவன் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். இன்று எங்கள் குழுவில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்பவன் அவன்தான்.

இப்படிக் கூப்பிட நமக்கே ஒரு தயக்கம் இருக்கும். இத்தனை வருடம் கழித்து என்ன நினைப்பானோ என்று தோன்றும். பெக்கி லியு என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. எதிர்பாராமல் தொடர்பு கொண்டால் மற்றவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம் என்பது அதன் முடிவு. என் அனுபவமும் முழுக்க அதேதான்.

பணம் இன்னொரு தடை. தலைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, கட்டியவர்கள் பட்டியலைக் குழுவில் போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எங்களிடம் பொதுக் கணக்கு ஒன்று இருக்கிறது. முடிந்தவர் முடிந்ததைப் போடுவார், யார் எவ்வளவு போட்டார் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரியும். செலவுக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் வரும். அதேபோல, பேட்ச் என்றால் தேர்ச்சி பெற்றவர்கள் மட்டும் அல்ல. எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், மாற்றலாகி நடுவில் போனவர்கள், அந்த வகுப்பறையில் உட்கார்ந்த எல்லோரும் அதில் சேர்த்திதான்.

வாட்ஸ்அப் குழு தேவைதான், ஆனால் அதை நட்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்தநாளுக்கு வரிசையாக வந்து விழும் கேக் படங்களைவிட இரண்டு நிமிடப் போன் மேல். அரசியல், மதம், பார்வேர்டு, வியாபாரம், முதலீட்டுத் திட்டம் ஆகியவை பொதுக் குழுவில் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிவிட்டால் பாதிச் சண்டை வராது. அறிவிப்புக்கு மட்டும் தனிக் குழு வைத்தால், மியூட் போட்டவர்களுக்கும் முக்கியச் செய்தி போய்ச் சேரும்.

சரி, பெரிய சந்திப்பு முடிந்த பிறகு என்ன? ராபின் டன்பார் என்ற மானிடவியலாளர், மனிதருக்கு மிக நெருக்கமானவர்கள் 5 பேர் அளவிலும், அதற்கு அடுத்த வட்டம் 15, பிறகு 50, பிறகு 150 என்றும் விரிகிறது என்கிறார். ஆக ஒரு வகுப்பு முழுவதும் உயிர் நண்பர்களாக ஆகிவிட முடியாது, அதில் வருத்தப்படவும் ஒன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்தில் வசிக்கும் நாலைந்து பேர் தனியாக அடிக்கடி சந்திக்கட்டும். எங்களில் இன்றும் உயிரோடு இருக்கும் நட்புகள் எல்லாம் அப்படிப்பட்ட சின்னக் கூட்டங்களில் வளர்ந்தவைதான். டன்பாரும் சாம் ராபர்ட்ஸும் பள்ளி முடித்து வெளியேறிய மாணவர்களை 18 மாதம் கவனித்தபோது, பெண்களின் நட்பு தேயாமல் இருக்கப் பேச்சு உதவியது, ஆண்களுக்குச் சேர்ந்து ஏதாவது செய்வது உதவியது என்று கண்டார்கள். எங்கள் ஆண்கள் கூட்டத்தில் இது நன்றாகவே தெரிகிறது. அறைக்குள் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பேச்சு தீர்ந்து, ஆளுக்கொரு போனை எடுத்துவிடுவோம். அதே ஆட்கள் அதிகாலையில் சேர்ந்து நடக்கும்போது, ஒருவன் தன் மகனோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று சொன்னான். முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டிருந்ததால்தான் அது வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

நெருக்கடியில் இந்தத் தொடர்பு எப்படி உதவுகிறது என்பதைப் பல முறை பார்த்துவிட்டேன். டேனியல் லெவினும் மற்றும் இருவரும் 2011-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பல வருடம் தொடர்பு விட்டுப்போனவர்களிடம் மறுபடி போய் ஆலோசனை கேட்ட நிர்வாகிகளுக்குப் புதிய தகவல் கிடைத்தது, பழைய நம்பிக்கையும் குறையவில்லை என்று சொல்கிறார்கள். வகுப்புத் தோழர்கள் ஆளுக்கொரு திசையில் போனவர்கள். மருத்துவமனை, வழக்கு, பிள்ளைகள் படிப்பு என்று எதைக் கேட்டாலும் யாரோ ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கைமாற்றுக் கடனை மட்டும் இருவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குழுவுக்குக் கொண்டுவராதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் கசந்துபோய் இரண்டு பேர் எங்களை விட்டு விலகிவிட்டார்கள், இன்றுவரை அது எனக்கு வருத்தம்.

கடைசியாக, அமைப்பாளர். எந்தப் பேட்சிலும் ஒருவர்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போவார். அவர் சோர்ந்தால் எல்லாமே நின்றுவிடும். எங்களுக்கும் நடுவில் ஒரு நீண்ட இடைவெளி விழுந்தது அப்படித்தான். இப்போது ஒவ்வொரு சந்திப்பு முடியும்போதும், எல்லோரும் கிளம்பும் முன்பே, அடுத்த தேதியையும் அடுத்த மூன்று பொறுப்பாளர்களையும் முடிவு செய்துவிடுகிறோம். மூவரில் ஒருவராவது இதுவரை பொறுப்பே எடுக்காதவராக இருக்க வேண்டும். அவர்கள் கைக்குப் போவது பொதுக் கணக்கும், எல்லோர் முகவரியும் எழுதிய ஒரு நோட்டும், இன்னும் கண்டுபிடிக்க முடியாதவர்களின் சின்னப் பட்டியலும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களின் அண்ணன், தங்கை யாராவது வேறு வகுப்பில் படித்திருந்தால் அந்தப் பேட்ச்காரர்களிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். போன முறை ஒருவர் அப்படித்தான் கிடைத்தார்.