வாளியில் பாதி, மண்ணில் மீதி: பொகாஷியோடு நான்கு வருடம்

முதல் வாளியைத் திறந்த அன்று ஏமாந்துதான் போனேன். பொகாஷி முறைப்படி, நுண்ணுயிர் ஏற்றிய தவிட்டைத் தூவி, காற்றுப் புகாமல் இரண்டு வாரம் மூடிவைத்த சமையலறைக் கழிவு போட்டது போட்டபடியே கிடந்தது. கேரட் தோல் கேரட் தோலாகவே, முட்டை ஓடு முட்டை ஓடாகவே. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. மேலே பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை, கூடவே மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாடை. மட்கு என்றால் கறுத்து உதிர வேண்டும், மழை நனைத்த மண் போல மணக்க வேண்டும் என்று பழகியவன் நான். காரியம் கெட்டது என்று மொத்தத்தையும் குப்பையோடு கொட்டிவிட்டேன். இத்தனை வாளிகளுக்குப் பிறகு யோசித்தால், அது பதம் தவறாமல் வந்த வாளி. கொட்டியவனுக்குத்தான் பதம் தெரியவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் 'பொகாஷி உரம்' என்ற பெயர். வாளியில் இருப்பது இன்னும் உரம் ஆகவில்லை. மாடு வளர்ப்பவர்கள் பசுந்தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடி, ஊறுகாய்ப்புல் செய்வார்களே, இது அதன் பங்காளி. தவிட்டோடு வந்து சேரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற, அழுகவைக்கும் கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு இல்லை. நன்றாகப் புளித்த வாளியில், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை வைத்தால் நான்கை ஒட்டிக் காட்டும். குவியல் மட்கைப் போல இதில் சூடு ஏறாது. குவியலில் கரிச்சத்தின் பெரும்பங்கு கரியமில வாயுவாகவும், தழைச்சத்தில் ஒரு பங்கு அமோனியாவாகவும் காற்றோடு போய்விடும். அதனால்தான் குவியல் நாளுக்கு நாள் வற்றுகிறது. பொகாஷி வாளி அப்படி வற்றுவதில்லை, போட்டதில் பெரும்பகுதி மண்ணுக்கே போய்ச் சேரும். ஆனால் மட்கும் வேலை அதுவரை தொடங்கியே இருக்காது. அது மண்ணுக்குள் நடக்க வேண்டியது. இது புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய மொழியில் பொகாஷி என்றால் நிறத்தை மெல்ல மெல்ல மங்கவிடுவது, எல்லை தெரியாமல் கலக்கவிடுவது. மரக்கட்டை அச்சு ஓவியங்களில் வானத்து நீலம் மேலிருந்து கீழாகக் கரைந்து வெளுக்குமே, அந்த உத்திக்கும் இதே பெயர்தான். அந்நாட்டு உழவர்கள் தவிடு, பிண்ணாக்கு வகைகளைப் புளிக்கவைத்துச் செய்யும் உரத்தை நெடுங்காலமாக இப்படி அழைத்துவந்தார்கள். 1980-களில் ஒகினாவாவிலுள்ள ரியூக்யூ பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் தெருவோ ஹிகா, இ.எம். என்ற நுண்ணுயிர்க் கலவையைக் கொண்டுவந்தார். சமையலறை வாளிக்கு இந்தப் பெயர் உலகெங்கும் ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான்.

நான் வாங்கியது ஒரே ஒரு பொட்டலம் தவிடு. அது தீர்ந்ததும் வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். அரிசி கழுவிய தண்ணீரை வாயில் துணி கட்டிய பாட்டிலில் மூன்று நாள் வைத்தால் லேசான புளித்த வாடை வரும். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு பால் ஊற்றி இன்னும் ஒரு வாரம் விட்டால், மேலே கட்டி திரண்டு மிதக்கும், கீழே இளமஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். வேண்டியது அந்தத் தெளிவுதான். 5 கிலோ தவிட்டுக்குத் தெளிவு 100 மில்லி, மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) 100 மில்லி, தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்பது என் கணக்கு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்துவைத்து ஊற்றுவேன். கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து நம் கிருமியை மட்டும் விட்டுவைக்குமா?

தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் தெளித்துத் தெளித்துப் பிசிற வேண்டும். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், எப்படி அழுத்தினாலும் சொட்டக் கூடாது. பிறகு பையில் திணித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுகக் கட்டி இரண்டு வாரம். பிரித்ததும் நிழலில் நன்றாக உலர்த்தி டப்பாவில் அடைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒருமுறை அவசரப்பட்டு ஈரம் போகும் முன்பே அடைத்துவிட்டேன். பச்சைப் பூசணம் பிடித்து 5 கிலோவும் வீணாயிற்று. இ.எம். கலவையில் ஈஸ்ட்டும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவும் உண்டு. என் பால் தெளிவில் இருப்பது பெரும்பாலும் லாக்டிக் வகைதான். வாங்கிய தவிட்டுக்கும் இதற்கும் வாளியில் எந்த வித்தியாசத்தையும் நான் பார்க்கவில்லை.

வாளி எளிது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, உள்வாளியின் அடியில் துளைகள், கசிவு வெளிவாளியில் இறங்கும். இரண்டு விரல் உயரக் கழிவுக்கு ஒரு கைப்பிடித் தவிடு. மீன், இறைச்சி, சமைத்து மீந்தது இருந்தால் இரண்டு கைப்பிடி. மேலே ஒரு தட்டை வைத்து அழுத்திவிட்டு மூடுவேன். கழிவு விழும்போதெல்லாம் மூடியைத் திறப்பதுதான் வாளிக்கு எமன். ஒரு சின்ன டப்பாவில் நாள் முழுக்கச் சேர்த்து, இரவில் ஒரே ஒரு தடவை திறந்து போட ஆரம்பித்த பிறகு தொல்லை பாதியாகக் குறைந்தது. நிறைந்த நாளிலிருந்து இரண்டு வாரம் மூடியில் கை வைக்கக் கூடாது. குளிர்ந்த நாட்களில் நான் இன்னும் ஒரு வாரம் கூட்டிவிடுவேன். இதனால் வாளிச் சோடி இரண்டாவது வேண்டும்: ஒன்று புளிக்க, ஒன்று நிறைய.

இரண்டாம் வருடம் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. திறந்ததும் அடித்த நாற்றத்தில் வீடே வெளியே வந்து நின்றது. புதிதாகத் தொடங்குகிறவர்கள், இது புளிப்பா அழுகலா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சந்தேகம் வருகிறது என்றால் அது புளிப்புதான், அழுகல் சந்தேகத்துக்கு இடமே தராது. வெள்ளைப் பூஞ்சை வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பச்சையோ கறுப்போ ஓரத்தில் மட்டும் இருந்தால் அந்த இடத்தை எடுத்துவிட்டுக் கூடுதல் தவிடு தூவுவேன். வாளி முழுக்கப் பரவியிருந்தால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, வாளியைக் கழுவி வெயிலில் கவிழ்ப்பேன்.

இனி மண். முதல் வருடம் என் கைங்கரியத்தில் செத்தவை பதினோரு தக்காளி நாற்றுகள். வாளியிலிருந்து எடுத்ததைக் குழியில் போட்டு, மேலே மண் தள்ளி, அன்றைக்கே நாற்றை நட்டேன். நான்காம் நாள் இலை ஓரம் கருகியது, பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி பழுப்பாகியிருந்தது. பிஎச் நான்கில் வேரை உட்காரவைத்தால் அப்படித்தான் ஆகும். இப்போது ஒரு சாணுக்குக் குறையாத ஆழத்தில் பள்ளம் பறித்து, கழிவைப் போட்டு, மண்ணோடு நன்றாகக் கலந்து, மேலே வெறும் மண் மூடிவிடுகிறேன். கலப்பது முக்கியம். கலக்காமல் கட்டியாகப் புதைத்தவை ஒரு மாதம் கழித்தும் கட்டியாகவே, புளிப்பாகவே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் மண் அமிலத்தைச் சமாளித்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நாற்று என்றால் நான் நான்கு வாரம் விடுகிறேன். செத்த பதினொன்றுக்கு நான் கட்டும் வட்டி அது. வளர்ந்த செடிகளுக்கு வேரை ஒட்டாமல், கிளை விரிந்த எல்லையில் புதைத்தால் போதும்.

தொட்டிச் செடிகளில்தான் நான் அதிகம் தடுமாறினேன். தொட்டியில் மண் கொஞ்சம், மண்ணுயிரும் கொஞ்சம், அமிலத்துக்கு ஒதுங்க இடமில்லை. நேரடியாகப் போட்ட மூன்று தொட்டிகளிலும் சின்ன ஈக்கள் மொய்த்தன, ஒன்றில் புழுவும் வந்தது. மூன்றாம் வருடம் வேறு வழி பிடித்தேன். ஒரு பெரிய தொட்டியில் பழைய மண் இரண்டு பங்கு, பொகாஷி ஒரு பங்கு கலந்து, மேலே நாலு விரல் மண் பரப்பி, மழை படாமல் மூடி ஒரு மாதம். நடுவில் ஒரு தடவை கிளறுவேன். முடிவில் எலும்பு, முட்டை ஓடு, சில கொட்டைகள் தவிர எதுவும் அடையாளம் தெரியாது. சக்கையாகிப்போன பழைய மண் கறுத்துப் பொலபொலவென்று வரும். அந்த மண்ணைத் தொட்டிகளில் நிரப்பினால் எந்தச் செடியும் முகம் சுளிப்பதில்லை. பொகாஷியில் எனக்குப் பிடித்த வேலை எது என்றால் இதைத்தான் சொல்வேன். பழைய தொட்டி மண்ணை வெளியே கொட்டி இரண்டு வருடம் ஆகிறது.

கசிவுநீரைப் பற்றிக் கேட்கும் புகழாரத்தில் பாதியைக் கழித்துவிடலாம். நூறு மடங்கு தண்ணீர் கலந்து மண்ணில் ஊற்றலாம், எடுத்த அன்றே ஊற்றிவிட வேண்டும். கண்ணளவில் கலந்து கீரைப் பாத்தியில் ஊற்றி ஒரு வரிசையைச் சுட்டுக்கொண்ட பிறகு, நான் அதை வடிகால் குழாயில்தான் ஊற்றுகிறேன். ஒவ்வொரு வாளியிலும் அதன் அளவும் வீரியமும் வேறு. தினமும் சோதித்து ஊற்றப் பொறுமை உள்ளவர்கள் முயலட்டும்.

நான்கு வருடத்தில் மண்ணில் என்ன மாறியது? என்னுடையது காய்ந்தால் வெடிக்கிற, நனைந்தால் ஒட்டுகிற களிமண். தொடர்ந்து புதைத்துவந்த பாத்திகளில் இப்போது கைக்கொத்து சிரமமில்லாமல் இறங்குகிறது. மண் கட்டியாகப் பெயராமல் மணிமணியாக உதிர்கிறது. புதைத்த மூன்றாம் வாரத்துக்கு மேல் தோண்டினால் மண்புழுக்கள் கூட்டமாக இருக்கும். முதல் சில நாள் அந்தப் பக்கமே தலைகாட்டாது, புளிப்பு ஆறும்வரை காத்திருக்கும். நீர் பாய்ச்சும் இடைவெளி ஒரு நாள் கூடியிருக்கிறது. கத்தரியும் பூசணியும் கண்ணுக்குத் தெரியும்படி செழித்தன. ரோஜாவில் எந்த மாற்றமும் இல்லை. கேரட் விதைத்த பாத்தியில் மட்டும் வேர்கள் கிளைவிட்டுக் கோணின. பாதி மட்கிய துண்டுகளில் முட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கிழங்குப் பாத்திக்கு இப்போது போடுவதில்லை. உப்பு அதிகமான மீதங்களைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புதைப்பதையும் நிறுத்திவிட்டேன்.

இவ்வளவும் நுண்ணுயிரின் மகிமையா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் நான்கு வருடம் வயலில் சோதித்து 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இ.எம். கலவையை உயிரோடும், சூடேற்றிக் கொன்றும் இரண்டு விதமாக இட்டுப் பார்த்தார்கள். விளைச்சலில் கண்ட பலன் பொகாஷி என்ற பொருள் கொண்டுவந்த சத்திலிருந்து வந்ததே, உயிருள்ள நுண்ணுயிர்களால் அல்ல என்று முடித்தார்கள். என் அனுபவமும் அதற்கு எதிராகப் பேசவில்லை. வாளிக்குள் அந்த பாக்டீரியாக்கள் இன்றியமையாதவை, அவை இல்லாவிட்டால் கழிவு அழுகும். மண்ணுக்குள் போன பிறகு வேலை செய்வது அங்கே ஏற்கெனவே குடியிருப்பவை. நாம் அவற்றுக்குத் தீனி போடுகிறோம்.

அப்படியானால் புளிக்கவைக்கும் சிரமம் எதற்கு, கழிவை நேரே புதைத்தால் ஆகாதா என்று எனக்கே தோன்றியது. இந்தப் பருவத்தில் ஒரே பாத்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பொகாஷியும் மறுபாதியில் அதே எடைக்குப் பச்சைக் கழிவும், ஒரே ஆழத்தில் புதைத்துக் குச்சி நட்டுவைத்தேன். ஐந்து வாரம் கழித்து இரண்டிலும் கத்தரி நடுவதாகத் திட்டம். மூன்றாம் இரவே பச்சைக் கழிவுப் பாதியை எலியோ பெருச்சாளியோ ஆழம் வரை தோண்டி, மீன் முள்ளைப் பாதை நெடுகப் பரப்பிவிட்டுப் போயிருந்தது. பொகாஷிப் பக்கம் நட்ட குச்சி அப்படியே நின்றது.