ஹார்லெமில் வாங்கிய ஸ்பெகுலாஸ் ஆயர்

"அம்மா, சின்டர்கிளாஸும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒரே ஆளா?" நவம்பரில் ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும் மகள் கேட்டாள். நெதர்லாந்தின் ஹார்லெமில் ஏழு வருஷமாக இருக்கிறோம். இங்கே குதிரையில் வந்து குழந்தைகளின் ஷூவில் பரிசு வைப்பவர்தான் சின்டர்கிளாஸ். அவளுக்குச் சரியான பதிலைக் காட்ட எனக்கு உதவியது ஒரு பிஸ்கட்.

க்ரோட்டே மார்க்ட் சதுக்கத்திலிருந்து பிரியும் சந்தில் ஒரு சின்ன பேக்கரி. நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் மழையில்தான் நிற்க வேண்டும். கதவைத் திறந்ததுமே பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய் வாசம். இலங்கையிலிருந்து பட்டையும் பண்டா தீவுகளிலிருந்து ஜாதிக்காயும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்து இறங்கிய நாடு இது. இன்றுவரை டிசம்பர் பலகாரங்கள் பலவற்றிலும் அந்தச் சரக்கு மணக்கிறது.

நான் வாங்கியது மர அச்சில் அடித்த ஸ்பெகுலாஸ் என்ற மசாலா பிஸ்கட், 18 யூரோ. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். அதில் நிற்பவர் ஓர் ஆயர், அதாவது பிஷப்: உயரமான கூம்புத் தொப்பி, நுனி சுருண்ட கோல், மடிப்பு மடிப்பாக விழும் அங்கி. தாடியின் ஒவ்வொரு சுருளும் தனியாகத் தெரிகிறது. சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டில் வருவதில் இந்த முகத்தைப் பார்க்கவே முடியாது. மாவு உப்பி, மூக்கும் கண்ணும் ஒன்றாகிப் போயிருக்கும்.

எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அறுபதைத் தாண்டிய அந்தக் கடைக்காரர் பலகையையே எடுத்து வந்து மேஜையில் வைத்தார். மாவைப் பிசைந்து ஓர் இரவு ஊற விட்டால்தான் மசாலா இறங்குமாம். அச்சுக்குள் அரிசி மாவைத் தூவி, கட்டை விரலால் மாவை மூலைமுடுக்கெல்லாம் அழுத்துகிறார். மேலே துருத்துவதைக் கத்தியால் சீவிவிட்டு, பலகையின் ஓரத்தை மேஜையில் ஒரு தட்டு தட்டினார். ஆயர் முழுசாக வந்து விழுந்தார். பலகையில் இடப்பக்கம் செதுக்கியிருந்த கோல் இப்போது வலப்பக்கத்தில் இருந்தது. செதுக்குகிறவர் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல யோசித்திருக்க வேண்டும். அந்த ஒரு தட்டுக்காகவே இன்னொரு முறை போவேன்.

வீட்டில் மகளிடம் அந்தத் தொப்பியைக் காட்டித்தான் கதை சொன்னேன். நாலாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் மைரா நகரில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ்தான் இவர். திருநாள் டிசம்பர் 6. நெதர்லாந்தில் பரிசு கொடுப்பது முந்தின நாள் இரவு. டச்சுக்காரர்கள் அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூ ஆம்ஸ்டர்டாம் என்று ஓர் ஊரை அமைத்தார்கள். 1664இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போய் நியூயார்க் ஆனது. சின்டர்கிளாஸ் என்ற பெயர் அங்கே சாண்டா கிளாஸ் ஆகி, பின்னாளில் குதிரை போய் கலைமான் வந்தது, ஆயர் தொப்பி போய் குல்லா வந்தது. அவள் கேட்டதற்குப் பதில் இதுதான்: இவர் மூத்தவர், அவர் இவர் பெயரில் வளர்ந்தவர்.

அந்த வார இறுதியில் ரைக்ஸ் மியூசியம் போய் யான் ஸ்டேன் 1660களில் வரைந்த நிக்கோலாஸ் திருநாள் ஓவியத்தையும் பார்த்தோம். பொம்மையை அணைத்துக்கொண்டு ஒரு சிறுமி, காலணியில் பிரம்பு வந்ததால் அழும் அண்ணன். பின்னால் திரைச்சீலைப் பக்கம் ஒரு பாட்டி அவனைக் கையசைத்துக் கூப்பிடுகிறாள். மகள் அந்தப் பாட்டியை விட்டு நகரவே இல்லை.

அதே பேக்கரியில், இங்கே பரிசாகத் தரும் சாக்லேட் எழுத்தும் செய்யச் சொன்னேன். மகள் பெயரின் முதல் எழுத்து 'ஒய்'. நான் போன சூப்பர்மார்க்கெட்டில் அது இல்லை, இவர் ஊற்றித் தந்தார். ஆனால் அதன் வால் பெட்டிக்குள்ளேயே உடைந்திருந்தது, பெட்டி அவ்வளவு பெரிது. சாக்லேட்டும் எனக்குத் திகட்டல்தான். எழுத்துக்காக இங்கே போக வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சின்டர்கிளாஸுடன் வரும் வேலைக்காரன்தான் பீட். இந்தக் கடையின் ஜன்னலில் முகம் முழுக்கக் கறுப்பு பூசிய பீட் பொம்மைகள் இல்லை, கன்னத்தில் புகைக்கரிக் கோடு உள்ளவர்கள் மட்டும்தான். கறுத்த வேலைக்காரனும் ஸ்பெயினிலிருந்து வரும் நீராவிக் கப்பலும் பரவியது யான் ஸ்கென்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் ஆசிரியர் 1850இல் போட்ட படப் புத்தகத்தால். அச்சில் அடித்த ஆயருக்கு அந்த வேஷம் தேவைப்பட்டதே இல்லை. மாநிறமான என் மகள் அந்த ஜன்னல் முன்னால் நிம்மதியாக நின்றது எனக்குப் பெரிய விஷயம்.

போகிறவர்கள் நவம்பர் முடிவதற்குள் சொல்லிவையுங்கள். டிசம்பர் 5 காலையில் வரிசை சந்து முனை வரை வந்துவிடுகிறது.

அன்று இரவு எங்கள் வீட்டில் கணப்பு இல்லாததால் ஹீட்டர் பக்கத்தில் ஷூவை வைத்து, குதிரைக்கு ஒரு கேரட்டும் போட்டாள். ஆயரைப் பாதத்திலிருந்து தின்னத் தொடங்கினாள். தொப்பியும் தாடியும் இன்னும் டப்பாவில் இருக்கின்றன; ஜனவரி பாதி ஆகியும் மொறுமொறுப்பு குறையவில்லை.