புஷ்கரா, ஜெய்சல்மேரா? காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு திருவிழாவும் பார்க்க வேண்டும், கோட்டை, மாளிகை எல்லாம் கைடு வைத்துச் சுற்றவும் வேண்டும் என்று டிராவல்ஸ்காரர் முன்னால் போய் உட்கார்ந்தால், பெரும்பாலும் இரண்டு பேக்கேஜில் ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார். ஒன்று, புஷ்கர் ஒட்டகச் சந்தையை நடுவில் வைத்து ஜெய்ப்பூர், அஜ்மீர், ஜோத்பூர் என்று சுற்றுவது. இன்னொன்று, ஜெய்சல்மேரில் நடக்கும் மரு மகோத்சவத்தை, அதாவது பாலைவனத் திருவிழாவை வைத்து ஜோத்பூர், பிக்கானேர் பக்கம் போவது. அக்காவும் நானும் இரண்டுக்கும் போயிருக்கிறோம். முதலாவதில் பாதி ஏமாந்து, மூன்று வருடம் கழித்து இரண்டாவதுக்குப் போனோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. ஜெய்சல்மேர்தான்.

எல்லோரும் கேட்கும் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சாப்பாடு இரண்டு ஊரிலும் சைவக்காரர்களுக்குக் கஷ்டம் இல்லை. புஷ்கரில் முட்டைகூடக் கிடையாது, ஊரே சைவம். குளிர் என்றால் ஜெய்சல்மேரில் ராத்திரிக்கு ஸ்வெட்டர் கட்டாயம், புஷ்கரில் சால்வை போதும். போய்ச் சேர்வது புஷ்கருக்குச் சுலபம், அஜ்மீரில் இறங்கி 15 கிலோமீட்டருக்குள் ஊர் வந்துவிடும். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு மூலை. ஜோத்பூரிலிருந்தே 280 கிலோமீட்டர், காரில் 5 மணி நேரம். விழா நாட்களில் அறை வாடகை இரண்டு இடத்திலும் எகிறும், புஷ்கரில் கொஞ்சம் கூடுதலாகவே எகிறும்.

இதையெல்லாம் வைத்து முடிவு செய்யக் கூடாது. பார்க்க வேண்டியது திதி ஒன்றைத்தான்.

இரண்டு விழாவும் பௌர்ணமியில் முடிபவை. புஷ்கருக்குக் கார்த்திக் மாதப் பௌர்ணமி. நம் கணக்கில் சில வருடம் அது அன்னாபிஷேகத்தன்று வரும், சில வருடம் திருக்கார்த்திகையை ஒட்டி வரும். ஜெய்சல்மேருக்கு மாகப் பௌர்ணமி, அதாவது தைப்பூசம் அல்லது மாசி மகத்தை ஒட்டி. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரே போதும். அதனால் டூர் நடத்துகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி, பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் கொண்டுபோய் இறக்குகிறார்கள். ஜெய்சல்மேருக்கு அது சரி. புஷ்கருக்கு அது தப்பு.

காரணம், புஷ்கரில் நடப்பது உண்மையில் இரண்டு விழா. முதலில் வருவது வியாபாரக் கூட்டம். ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா சமூகத்தாரும் குதிரைக்காரர்களும் தீபாவளி முடிந்த கையோடு ஊருக்கு வெளியே மணல் மேட்டில் வந்து இறங்குவார்கள். மாட்டைப் பார்ப்பது போல ஒட்டகத்துக்கும் பல்லைப் பிடித்து வயது பார்த்து, நடக்கவிட்டு, பேசி முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் வருவது பக்தர் கூட்டம். ஏகாதசி தொடங்கிப் பௌர்ணமி வரை ஏரியில் முழுக்கு, பிரம்மா கோயில் தரிசனம். முதல் கூட்டம் கலையும்போதுதான் இரண்டாவது கூட்டம் வந்து சேர்கிறது. மதுரையில் மீனாட்சி கல்யாணம் பார்க்க ஆசைப்பட்டவரை, அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? எங்களுக்கு அதுதான் நடந்தது.

நாங்கள் போனது நம் ஊரிலிருந்தே புறப்பட்ட குழு டூர். சமையல்காரரும் கூடவே வருவார், ஜெய்ப்பூரிலும் காலையில் இட்லி கிடைக்கும். பஸ் புஷ்கரில் நின்ற அன்று திரயோதசி, பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால். மேளா மைதானத்தில் ராட்டினம் சுற்றுகிறது, வளையல் கடை, பலூன் கடை, ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தையின் பெயர். மணல் மேட்டுக்குப் போனால், அணைந்த அடுப்புக் கற்களும் காய்ந்த ஒட்டகச் சாணமும் மட்டும். கழுத்தில் பாசிமணியும் மூக்கில் குஞ்சமும் கட்டிய இருபது முப்பது ஒட்டகம் வரிசையாக நின்றன, எல்லாம் சவாரிக்கு. டூர் மேனேஜரிடம் கேட்டதற்கு, “இதோ நிக்குதே சார், ஒட்டகம்” என்றார். அக்கா என்னைப் பார்த்து, “இதுக்குத்தானாடா ஸ்வெட்டரெல்லாம் வாங்கினோம்?” என்றாள்.

டூர் கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சரியான நாளில் போனாலும் விளம்பரப் படத்தில் இருக்கிற ஒட்டகக் கடல் இனி கிடைக்காது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 4 லட்சம் இருந்த ஒட்டகம், 2019-ல் 2.5 லட்சமாக இறங்கிவிட்டது. 2014-ல் ராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. அடுத்த வருடம் கொண்டுவந்த சட்டம் ஒட்டகம் வெட்டுவதைத் தடை செய்ததோடு, வெளிமாநிலத்துக்கு ஓட்டிப் போவதற்கும் கடிவாளம் போட்டது. காப்பாற்றத்தான் சட்டம். ஆனால் வெளியூர் ஆள் வாங்க வராத சந்தையில் விலை விழுந்தது, விலை விழுந்ததும் வளர்க்கிறவனுக்கு ஆர்வம் போயிற்று. இன்று புஷ்கர் சந்தையில் உண்மையான பேரம் குதிரைகளுக்குத்தான் நடக்கிறது. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும் மார்வாடிக் குதிரைகள். அதில் சிலதைத்தான் நாங்களும் பார்த்தோம்.

புஷ்கருக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை. 52 படித்துறை. கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் மஞ்சளும் சிவப்புமாக முக்காடு போட்டுக்கொண்டு படிக்கட்டிலேயே படுத்திருக்கிறார்கள், விடியற்காலை முழுக்குக்காக. தலைக்கு அடியில் ஒரு துணி மூட்டை, அவ்வளவுதான் சாமான். தீர்த்த யாத்திரை என்று போகிறவர்கள் என் பேச்சைக் கேட்காமல் புஷ்கருக்கே போகலாம். படித்துறையில் கையில் கயிறு கட்டிச் சங்கல்பம் செய்துவைத்துப் பெரிய தொகை கேட்பவர்களிடம் மட்டும், எவ்வளவு என்று உட்காருவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இனி ஜெய்சல்மேர். மரு மகோத்சவம் சுற்றுலாத் துறை நடத்தும் விழா. பழைய சந்தையோ கோயில் திருவிழாவோ அல்ல, அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். ஆனால் சுற்றுலாத் துறையே நடத்துவதால் ஒரு சௌகரியம். எல்லாமே பௌர்ணமியோடு முடியும் சில நாளுக்குள் அடங்கிவிடுகிறது. முதல் நாள் காலை ஊர்வலம், அப்புறம் ஷஹீத் பூனம் சிங் மைதானத்தில் தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, ‘மரு ஸ்ரீ’ என்ற பாலைவன ஆணழகன் தேர்வு. எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டக அணிவகுப்பும் உண்டு. கடைசி நாள் சாயங்காலம் 40 கிலோமீட்டர் தள்ளி சாம் மணல்மேட்டில் நிலா வெளிச்சத்தில் பாட்டு, ஆட்டம். டிராவல்ஸ்காரர் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் இறக்கிவிட்டாலும் எதுவும் கைநழுவாது.

மீசைப் போட்டியைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் மீசையை இரண்டு கன்னத்திலும் கைமுறுக்கு மாதிரி சுருட்டி வைத்திருந்தார். பேர் கூப்பிட்டதும் மேடையேறி, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தார். பிரித்துக்கொண்டே இருந்தார். இரண்டு நுனியையும் பிடித்துக்கொள்ள இரண்டு பையன்கள் தேவைப்பட்டார்கள். பரிசு வேறு யாருக்கோ போனது. அவர் கீழே வந்து, பேரனிடம் சீப்பு வாங்கி, வாரி, மறுபடியும் சுருட்டிக்கொண்டார்.

இது ஒரு பத்து நிமிஷம். மீதி நேரத்தில் தலைமை விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் தாமதமாகும், மைக் கீச்சிடும், வெயில் ஏறும். எந்த விழாவிலும் இப்படிச் செத்த நேரம் உண்டு. புஷ்கரில் அந்த நேரத்தை நாங்கள் பஸ்ஸில் ஏசியைப் போட்டுக்கொண்டு கழித்தோம். ஜெய்சல்மேரில் மைதானத்திலிருந்து நிமிர்ந்தால் கோட்டை தெரிகிறது. எழுந்து போய்விடலாம்.

1156-ல் ராவல் ஜெய்சால் கட்டத் தொடங்கிய கோட்டை. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளில் ஒன்று. இன்றைக்கும் உள்ளே சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். சந்தில் துணி காய்கிறது, பசு குறுக்கே படுத்திருக்கிறது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ சுவரில் பிள்ளையார் வரைந்து மணமக்கள் பேரும் தேதியும் எழுதியிருக்கிறது. ஜெயின் கோயில்களை மட்டும் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஜைனர் அல்லாதவர்களை உள்ளே விடுவது குறிப்பிட்ட நேரத்துக்குத்தான், தோல் பெல்ட்டும் பர்ஸும் வெளியே.

இங்கேதான் உள்ளூர் கைடு விஷயம் வருகிறது. குழு டூரில் பத்து நாளும் கூட வரும் மேனேஜருக்கு எல்லா ஊரைப் பற்றியும் பத்து பத்து வரி தெரியும். ஜெய்சல்மேரில் நாங்கள் அரசு அடையாள அட்டை வைத்திருந்த உள்ளூர் கைடு ஒருவரை இரண்டு நாளுக்குப் பிடித்தோம். கோட்டைச் சந்தில் வளர்ந்தவர். வந்ததும் “கம்மா கணி, தீதி” என்று அக்காவுக்கு ஒரு கும்பிடு. ராஜா கதை சொல்வதற்கு முன்னால் மதிலின் அடிப்பக்கம் கூட்டிப் போய், கல்லில் ஈரம் ஏறியிருந்த தடத்தைக் காட்டினார். மழையே பெய்யாத ஊர் என்று நம்பி, இளகின மண்ணும் பாறையும் கலந்த குன்றின் மேல் கட்டிய கோட்டை இது. அந்தக் காலத்தில் தண்ணீர் குடத்தில் ஏறியது, அளவாகச் செலவானது. குழாய் வந்தது, ஓட்டல்கள் வந்தன, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வந்தது. சாக்கடை கசிந்து அடிமண் ஊற, மதில் பிதுங்கி சில இடம் சரிந்தே விட்டது. நாங்கள் கோட்டைக்கு உள்ளே தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அறை பார்த்து வைத்திருந்தோம். அதைக் கேட்டதும் அக்கா கீழே ஊருக்குள் அறை மாற்றச் சொல்லிவிட்டாள். நீங்களும் கீழேயே தங்குங்கள். கோட்டையைப் பார்க்கக் கீழிருந்துதான் அழகு, உள்ளே இருந்தால் எதிர் வீட்டுச் சுவர்தான் தெரியும்.

சாயங்காலம் மேடைக் கச்சேரியை விட்டுவிட்டு, அதே கைடு ஏற்பாடு செய்த ஒரு வீட்டு முற்றத்தில் மாங்கணியார் பாட்டுக் கேட்டோம். மாங்கணியார் பரம்பரைப் பாடகர்கள், முஸ்லிம்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்களை ஆதரிக்கும் குடும்பங்களில் பல இந்துக் குடும்பங்கள். அந்த வீடுகளில் குழந்தை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் இவர்கள்தான் பாட வேண்டும். கிருஷ்ணன் மேல் பாடுகிறார்கள், சூஃபி பாட்டும் பாடுகிறார்கள். ஆட்டுத்தோல் போர்த்திய உருண்டை வயிற்றோடு இருக்கும் கமாய்ச்சாவை வில்லால் இழுத்தால், தொண்டை கட்டின பெரியவர் பேசுவது போல ஒரு நாதம். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கர்த்தால் தட்டினான். நம் சிப்ளாக்கட்டைக்குச் சொந்தம், ஆனால் ஜால்ரா கிடையாது, கைக்கு இரண்டு மரத்துண்டு மட்டும். அந்த விரல் வேகத்துக்கு முன்னால் சாம் மணல்மேட்டு மேடை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாமில் நிலா அழகு, ஜீப் சத்தம் அழகில்லை. திரும்பும்போது வண்டி நெரிசலில் ஊர் வந்து சேர நள்ளிரவு ஆயிற்று. அந்த ஒரு ராத்திரியில் புஷ்கர் படித்துறை ஜெயித்துவிடும், ஒப்புக்கொள்கிறேன்.

கைடுகளிடமும் ஒரு பழக்கம் உண்டு. கடைசியில் கம்பளிக் கடைக்கும் வெள்ளி நகைக் கடைக்கும் வண்டி தானாகத் திரும்பும். எங்களவரும் விதிவிலக்கல்ல. பட்வா மாளிகைகள் பார்த்துவிட்டு நேராகக் குல்தரா, பாலிவால் பிராமணர்கள் ஒரே ராத்திரியில் காலி செய்ததாகக் கதை சொல்லும் அந்தப் பாழூருக்குப் போகலாம் என்று முதலிலேயே சொல்லி வைத்தால் அரை நாள் மிச்சம். தனோட், லோங்கேவாலா என்று எல்லைப் பக்கம் 120 கிலோமீட்டர் இழுப்பதையும் விழா நாட்களில் நான் தவிர்ப்பேன்.

மூன்றாவதாக ரண் உத்சவம் பற்றியும் கேட்பார்கள். குஜராத்தின் கட்ச்சில், புஜ் ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி தோர்டோவில், குளிர்காலம் முழுக்க நடப்பதால் அங்கே திதிக் கவலையே இல்லை. உப்புப் பரப்பைப் பௌர்ணமியில் பார்ப்பது தனி என்கிறார்கள். நான் போனதில்லை. போய்வந்த அண்ணி, கூடார நகரம் நல்ல ஓட்டல் மாதிரி இருந்தது, திருவிழா மாதிரி இல்லை என்றாள். ஆனால் 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஹரப்பா காலத்து நகரமான தோலாவீராவையும், அஜ்ரக்பூரின் துணி அச்சுக்காரர்களையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். ஒருவேளை அடுத்த அலசலில் என் சாய்வு மாறலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டகச் சந்தைதான் வேண்டும் என்றால், குழு டூரை விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு மறு வாரமே அஜ்மீருக்கு டிக்கெட் எடுங்கள், ஏகாதசிக்கு முன்னால் திரும்பி விடுங்கள். மணல்மேட்டுக்கு விடியற்காலை 6 மணிக்குப் போங்கள். அடுப்பு புகைந்துகொண்டிருக்கும், டீ கொடுப்பார்கள். அதற்குள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.