மேசைமேல் மொகஞ்சதாரோ: சூளைக்கல்லா, லெகோவா, ஃபோம் அட்டையா?

மாதிரியைச் சிறிதாக்கினால் வேலையும் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் மொகஞ்சதாரோவைக் கட்ட இறங்குகிறார்கள். கல் கல்லாக அடுக்கிக் கட்டுவதென்றால் அந்தக் கணக்கு உதவாது. அங்குள்ள பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். ஹரப்பா நாகரிகத்துச் சுட்ட செங்கல் பெரும்பாலும் 7 × 14 × 28 செ.மீ.; அதாவது 1:2:4. நான்கு உட்சுவர்களை ஒரு கல் கனத்தில் (கல்லின் நீளமான 28 செ.மீ. கனத்தில்) எழுப்பி, தரையில் கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திப் பதித்தால், சாந்தைக் கணக்கில் சேர்க்காமல், 13,000 கற்களுக்கு மேல் வேண்டும். கல்லும் கூடவே சிறிதாவதால், 1:10 அளவில், அதாவது பத்தில் ஒரு பங்காகக் கட்டினாலும் 13,000. 1:50 அளவில் கட்டினாலும் அதே 13,000.

ஆகவே முழு நகரத்தையும் கல் கல்லாகக் கட்டும் ஆசையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஒரு கட்டடத்தை மட்டும் அப்படிக் கட்டலாம்.

அளவு 1:20 என்பது என் தேர்வு. கல் 14 × 7 × 3.5 மி.மீ. ஆகும், குளம் 60 செ.மீ.க்கு 35 செ.மீ., ஆழம் 12 செ.மீ. மண்ணில் செய்தால் கற்களின் எடை எட்டுக் கிலோ அளவில் நிற்கும். 1:10 என்றால் அதுவே எட்டு மடங்காகி அறுபது கிலோவைத் தாண்டும். கண்காட்சிக்குத் தூக்கிச் செல்ல ஆள் பிடிக்க வேண்டும். 1:50 என்றால் கல்லின் உயரம் ஒன்றரை மி.மீ.கூட இருக்காது. அதைச் சாமணத்தால் பிடித்து அடுக்கும் பொறுமை எனக்கில்லை.

குமிழ்களால் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் துண்டுகளான லெகோவை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் அதன் அளவைப் பார்ப்பதில்லை. இரண்டு குமிழ் உள்ள தட்டைத் துண்டு ஏறத்தாழ 16 × 8 × 3.2 மி.மீ. நீளமும் அகலமும் 2:1. ஹரப்பா கல்லும் அப்படித்தான். ஒரு வரியில் நீளவாட்டம், அடுத்த வரியில் குறுக்குவாட்டம் என்று மொகஞ்சதாரோ கொத்தர்கள் கட்டிய பிணைப்பை அந்தக் குமிழ்களே கற்றுக்கொடுத்துவிடும். சுவர் கோணாது, ரசமட்டமும் தூக்குக்குண்டும் தேவையில்லை. 1958இல் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பொருத்தும் முறைதான் இன்றும் இருக்கிறது. அண்ணன் விளையாடிய பழைய பெட்டித் துண்டுகளும் தம்பி வாங்கிய புதியவையும் ஒன்றோடொன்று சேரும்.

சிக்கல் உயரத்தில் இருக்கிறது. நீளத்துக்கு ஏற்றபடி பார்த்தால் துண்டு 4 மி.மீ. உயரம் இருக்க வேண்டும், இருப்பது 3.2. குளத்தின் ஆழத்துக்கு 34 வரி போதும் என்றால் லெகோவில் 43 வரி ஆகிவிடும். இதைப் பார்வையாளர் யாரும் எண்ணப்போவதில்லை என்பதால் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது கிணறு. மொகஞ்சதாரோவின் கிணறுகள் ஆப்பு வடிவச் செங்கல்லால் வட்டமாகக் கட்டப்பட்டவை. சதுரக் கட்டத்தில் அமரும் துண்டுகளால் அந்த வட்டம் வராது. படிப்படியாக வெட்டிய ஒரு பலகோணம்தான் வரும். பக்கவாட்டில் நிறுத்திய தரைக்கும் தனித் துண்டுகளைத் தேட வேண்டும். 13,000 துண்டுகளுக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசாமலிருப்பதே மேல்.

மண் கல்லுக்கு நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வசதி அதிகம். ஏரி வண்டலும் செம்மண்ணும் கலந்த பதமான மண்ணைப் பொங்கல் பானை செய்யும் குயவரிடமே ஒரு வாளி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே மண்ணைப் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தால் ஒரே கனத்தில் தகடு கிடைக்கும். பிறகு அளவுகோலை வைத்துக் கத்தியால் கட்டம் கட்டமாக அறுக்க வேண்டியதுதான். அறுப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். பச்சை மண்ணில் 100 மி.மீ. கோடு கிழித்து, காயவைத்துச் சுட்டபின் அளந்து பாருங்கள். கோடு 90 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தால், 14 மி.மீ. கல்லுக்கு 15.5 மி.மீ. நீளத்தில் அறுக்க வேண்டும். மண்ணுக்கு மண் இது மாறும். அடுத்தவர் கணக்கை நம்ப வேண்டாம்.

நிழலில் காயவைத்து, பானையில் மணலோடு கலந்து போட்டு, செங்கல் சூளையில் பெரிய பச்சைக்கற்களுக்கு இடையே வைத்துத் தரும்படி சூளைக்காரரிடம் கேட்கலாம். பானைக்குள் உமியைப் போட்டு இறுக மூடினால் காற்றில்லாமல் கல் கறுத்துவிடும். மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்தால், மண்ணிலுள்ள இரும்பு சிவப்பைக் கொடுக்கும். அந்த நிறத்தை எந்த பெயின்டும் தராது. கிணற்றுக்கான ஆப்புக் கற்களையும் அதே தகட்டிலிருந்து சாய்வாக அறுத்துக்கொள்ளலாம். உவர் மண்ணாக இருந்தால் சில மாதங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கோபிக்க வேண்டாம், உண்மையான மொகஞ்சதாரோவையும் அரித்துக்கொண்டிருப்பது உப்புத்தான்.

ஃபோம் அட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் செங்கல் வரிசை தெரியும். ஒரு வாரத்தில் ஒரு தெருவே எழும்பிவிடும். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுபோகலாம். தெர்மாகோலாக இருந்தால் கரைப்பான் கலந்த பசையைத் தவிர்க்கவும், அட்டையைத் தின்றுவிடும். அருகில் போய்ப் பார்த்தால் அது வெறும் படம்தான்.

"மொகஞ்சதாரோ எதற்கு, நம் மயிலாடும்பாறை இருக்கிறதே?" என்று தங்கள் மாவட்டத்து அகழாய்வு இடத்தைச் சொல்லிக் கிருஷ்ணகிரியில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. மொகஞ்சதாரோ செழித்திருந்த அதே காலம். ஆனால் அது செங்கல் நகரமல்ல. செங்கல் வேண்டாம், பாறைக் கல்லில்தான் கட்டுவேன் என்பவர்கள், கல்லால் கட்டப்பட்ட குஜராத்து ஹரப்பா நகரமான தோலாவிராவை எடுத்துக்கொள்ளலாம். கிரானைட் பட்டறைகளின் ஓரத்தில் கொட்டிக் கிடக்கும் சில்லுகளுக்கு அதைவிடப் பொருத்தமான நகரம் கிடையாது.

வீட்டில் நிரந்தரமாக வைக்கப் பெருங்குளத்தை மண் கல்லிலும், சுற்றியுள்ள தெருக்களை ஃபோம் அட்டையிலும் கட்டுவதே என் தீர்ப்பு. பள்ளியில், ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் பிரித்துக் கட்ட வேண்டும் என்றால் லெகோதான். குளம் முழுவதையும் விட்டு, ஒரு மூலைச் சுவரும் படிக்கட்டும் போதும். மண்ணைத் தேர்ந்தெடுப்பவர்கள் தை பிறந்ததும் சூளைக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துவிட்டால் சூளை எரியாது. உடைவதற்கும் வளைவதற்கும் சேர்த்து ஆயிரம் கல் கூடுதலாகவே அறுத்து வையுங்கள்.