எடை குறைக்க ஊசியா, நடையா? குறைந்த பிறகு ஆகும் செலவையும் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடைக் கட்சி. அக்கா வீட்டுக்காரர் ஊசிக் கட்சி. இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டியாச்சு, இரண்டு பேருக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது, சட்டைப் பித்தான் வயிற்றருகே இழுத்துப் பிடித்தது. ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆரம்பித்ததால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஊசியை நான் போட்டதில்லை, அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுவதெல்லாம் மச்சான் சொன்னதும் ஆய்வுகளில் படித்ததும்தான். அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குறையும் என்று மட்டும் கேட்டால் பேச்சே இல்லை, ஊசிதான். செமாக்ளுடைடு வாராந்தர ஊசியை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது என்று 2021இல் ஆய்வு வந்தது. டிர்செபடைடு என்ற இன்னொரு வாராந்தர ஊசி உச்ச டோஸில் 72 வாரத்தில் 20 சதவீதத்தையே தொட்டது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக 5, 7 சதவீதம் வந்தாலே பெரிய விஷயம். மச்சானின் ஊசிப் பேனா ஃப்ரிட்ஜில் தோசை மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் இருக்கும், ஞாயிறு காலையில் வயிற்றில் ஒரு குத்து, வேலை முடிந்தது. "மாப்ள, பரோட்டாக் கடை வாசல்ல நிக்கிறேன், சால்னா வாசனை வருது, ஆசை மட்டும் வரல" என்பார். ஆரம்பத்தில் குமட்டல், அப்புறம் மலச்சிக்கல். அது போகட்டும்.

நான் மண்டையை உடைத்துக்கொண்டது வேறு இடத்தில், குறைத்த எடையை அப்படியே வைத்துக்கொள்வது எப்படி என்பதில். கொழுப்பு என்றால் சும்மா கிடக்கிற சேமிப்பு மூட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தைராய்டு போல அதுவும் ஹார்மோன் சுரக்கிற உறுப்பு. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு, அடங்காமல் தின்று ஊதிப்போகிற ஒருவகை எலிகளில் பழுதாகியிருந்த ஜீனைக் கண்டுபிடித்தது. அந்த ஜீன் உண்டாக்கும் ஹார்மோன்தான் லெப்டின். கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அதற்கேற்ற லெப்டின் ரத்தத்தில் ஓடும், மூளையில் ஹைப்போதலாமஸ் அதை வைத்துத்தான் கையிருப்பு போதுமா என்று முடிவு செய்யும். அப்படியானால் குண்டானவர்களுக்கு லெப்டின் நிறைய இருக்குமே, பசியே எடுக்கக் கூடாதே? இருக்கிறது, நிறையவே இருக்கிறது, மூளைதான் அதைக் காதில் வாங்குவதில்லை. அதனால்தான் சாதாரண உடல் பருமனுக்கு லெப்டினையே ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத அபூர்வமான சிலருக்குத்தான் அது அற்புதமாக வேலை செய்தது. (ஆன்லைனில் 'லெப்டின் மாத்திரை' என்று டப்பா விற்கிறார்கள். லெப்டின் ஒரு புரதம், விழுங்கினால் முட்டை மாதிரி செரித்துப் போய்விடும்.)

ஆனால் லெப்டின் குறைந்தால் மட்டும் மூளை உடனே விழித்துக்கொள்கிறது. வம்பே இங்கேதான். எடை இறங்கும்போது கொழுப்புச் செல்கள் காணாமல் போவதில்லை, எண்ணிக்கை அதேதான், ஒவ்வொன்றும் சுருங்குகிறது. சுருங்கிய செல் லெப்டினைக் கொஞ்சமாகத்தான் விடும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை பசியைக் கூட்டி, உடல் செலவழிக்கிற கலோரியைக் குறைக்கிறது. மெல்போர்னில் 50 பேரை 10 வாரம் கடும் டயட்டில் வைத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. லெப்டின் 65 சதவீதம் போல விழுந்தது, ஒரு வருடம் கழித்தும் பழைய அளவைவிட 35 சதவீதம் கீழேயே நின்றது, பசியும் அடங்கவில்லை. சரி, மெதுவாகக் குறைத்தால் திரும்ப ஏறாது என்கிறார்களே? அதே ஊரில் சுமார் 200 பேரை வைத்து அதையும் பார்த்துவிட்டார்கள், 2014இல். 12 வாரத்தில் குறைத்தவர்களும் 36 வாரத்தில் குறைத்தவர்களும் மூன்று வருடத்துக்குள் இழந்த எடையில் எழுபது சதவீதத்தை ஒரே மாதிரி திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் கட்சிக்கு இது சாதகமில்லை, தெரியும்.

ஆக எந்த வழியில் குறைத்தாலும் இந்தப் பசியை எதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி குடல் ஹார்மோனைப் போல நடித்து அந்தப் பசியை அமுக்குகிறது, போடுகிற வரைக்கும். செமாக்ளுடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படியென்றால் இது ஆறு மாதக் கோர்ஸ் இல்லை, பிரஷர் மாத்திரை மாதிரி தொடர வேண்டியது. டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று, மாதம் 14,000 முதல் 17,500. பிள்ளைகள் ஃபீஸ், வீட்டு லோன் எல்லாம் போக என்னால் வருடக்கணக்கில் கட்ட முடியாத தொகை இது, அதனால்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். மச்சானுக்கு நகைக்கடை வீதியில் தொழில், கட்டுகிறார்.

நடையில் பராமரிப்புச் செலவு நேரம். மதுரைத் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, விடியற்காலையில் மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே போனால் அலுப்புத் தெரியாது. எடையைக் குறைப்பதில் நடையின் பங்கு சின்னதுதான், குறைத்ததைத் தக்கவைப்பதில்தான் அது கைகொடுக்கிறது. அதோடு வீட்டிலேயே கொஞ்சம் டம்பெல்ஸ் தூக்குகிறேன், ஏனென்றால் இரண்டு வழியிலும் தசையும் சேர்ந்துதான் கரைகிறது. பசி எனக்கு ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வாலாட்டும், ஊரே சாப்பிடுகிற நேரம். ஏழரைக்கே இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், அப்புறம்தான் இட்லி என்று வரிசையை மாற்றினேன். அயிரை மீன் குழம்பு இருக்கிற அன்று சோறு கொஞ்சம் கூடத்தான் செய்கிறது.

தராசை மட்டும் பார்க்காதீர்கள். கொழுப்பிலிருந்து அடிப்போனெக்டின் என்று இன்னொரு ஹார்மோனும் வருகிறது, இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுவது. லெப்டினுக்கு நேர்மாறாக, கொழுப்பு கூடக் கூட இது குறையும், அதிலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு மோசம். நம் ஆட்களுக்கு வெள்ளைக்காரர்களைவிட இயல்பிலேயே இது குறைவு. ஒரே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) இருந்தாலும் கொழுப்பு நமக்குக் கூடுதல் என்று காட்ட, புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் தங்கள் படத்தையே அருகருகே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால் தையல்கார டேப்பை வைத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. எனக்கு எடையைவிட இடுப்புதான் நன்றாக இறங்கியது, மச்சானுக்கு இரண்டும்.

சர்க்கரை ஏற்கெனவே ஏறிப்போனவர்கள், மூட்டு வலியால் நடக்கவே முடியாதவர்கள், எடை மிக அதிகமாக உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டு ஊசியை ஒதுக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள், நிறுத்தும்போது என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, செமாக்ளுடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச்சு வரைதான், அதற்கப்புறம் உள்ளூர்க் கம்பெனிகளும் தயாரிக்கலாம். விலை மாதம் இரண்டாயிரத்துக்கு இறங்கினால் நான் மேலே போட்ட கணக்கு செல்லாது, திரும்ப உட்கார்ந்து போட வேண்டியதுதான்.