லண்டன் 2018: முதல் டிராவா, கடைசி டிராவா?

2018 உலக செஸ் சாம்பியன் போட்டியில் அப்போதைய சாம்பியன் கார்ல்சனும் அவருக்குச் சவால் விட்ட கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிரா. முதலாவதையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கருவானாவுக்கு வெள்ளை, இரண்டிலும் தொடக்க நகர்த்தல்கள் சிசிலியன் என்ற வகை. ஒற்றுமை அதோடு சரி.

முதல் ஆட்டம் 115 நகர்த்தல்கள், ஏறக்குறைய ஏழு மணி நேரம். 40-ஆவது நகர்த்தலுக்கு முன்பே கருவானாவின் கடிகாரத்தில் நேரம் ஏறக்குறைய வற்றிவிட்டது. கறுப்பில் ஆடிய கார்ல்சனுக்கு வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஆனால் நழுவவிட்டார். அப்புறம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த யானை முடிவாட்டத்தில் (ராஜாக்களும் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில்) மணிக்கணக்கில் குடைந்து பார்த்தார். கருவானா அசரவில்லை. பாதிப் புள்ளிதான், ஆனால் வியர்வை சிந்தி வாங்கிய பாதிப் புள்ளி.

கடைசி ஆட்டம் நேர்மாறு. மறுபடியும் கார்ல்சன் கைதான் ஓங்கியிருந்தது. நேரமும் அவரிடமே அதிகம். 31-ஆவது நகர்த்தலில் அவரே டிரா கேட்டார்! பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோழைத்தனமா? அன்று எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அவர் கணக்கு வேறு: மொத்தப் புள்ளி சமன் என்றால் ராபிட் டைபிரேக், அதாவது வெற்றியாளரைத் தீர்மானிக்கும் குறைந்த நேர ஆட்டங்கள், அதில் தன் பலம் அவருக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து 3-0 என்று முடித்துவிட்டார்.

காரியம் சாதித்தது கடைசி டிரா. ஆனால் பலகையை எடுத்து வைத்து மறுபடி ஆடிப் பார்க்க உட்கார்ந்தால் நான் எடுப்பது முதலாவதைத்தான், அதிலும் அந்த யானை முடிவாட்டத்தை.