தாராவிப் பெண்களின் தொழிலுக்கு எட்டாம் பிரிவு நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா?

தாராவியில் மாவு அரைத்தும் தோல் பை தைத்தும் பிழைக்கும் நம் பெண்களுக்காக நிறுவனம் தொடங்குவோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

லாபம்: 2013 கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் பதிவாகும் லாபநோக்கற்ற நிறுவனத்தில் ஈவுத்தொகைக்கு, அதாவது உறுப்பினர்களுக்கு லாபம் பிரித்துத் தருவதற்கு, இடமில்லை. தனியார் பங்கு நிறுவனமான பிரைவேட் லிமிடெட்டில் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்ளலாம்.

மூலதனம்: முன்னதற்கு நன்கொடை, வருமான வரித் துறையில் அதற்கான பதிவு இருந்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை. பின்னதற்குப் பங்கு முதலீடு.

மூடினால்: எட்டாம் பிரிவில் மிச்சச் சொத்து உறுப்பினர்களுக்கு வராது. வருடக்கணக்கில் உழைத்தவள் அந்தத் தையல் இயந்திரத்தைக்கூட உரிமை கோர முடியாது. எனக்கு இதுவே பெரிய உறுத்தல்.

இலவசப் பயிற்சி, மருத்துவ உதவி என்றால் எட்டாம் பிரிவு. விற்றுப் பிழைக்கும் தொழிலென்றால் பிரைவேட் லிமிடெட். ஆனால் உழைக்கும் பெண்களே பங்குதாரர்களாக இருக்கட்டும். இதே மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம், சங்கமாகப் பதிவானாலும், உறுப்பினர்களைப் பங்காளிகளாகவே நடத்துகிறது.